முள்ளின் சாட்சி

நுழையும்முன்

மனிதத் தோள்கள் பல கூடினும் அசைக்க இயலாத பெருஞ்சுமையை, குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய் எளிதில் பெயர்த்துவிடுகிறது. மண் அள்ளும் எந்திரத்தின் நீண்ட கை, பழுதுநீக்கும் நிலையத்தில் மகிழுந்தைத் தலைக்கு மேல் உயர்த்தும் மேடை, இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் கதவாக வளைக்கும் அழுத்தப்பொறி ஆகிய யாவும் அவ்வாற்றலால் இயங்குபவை. அவ்வாற்றல் கண்ணுக்குப் புலனாவதில்லை. வட்ட முகப்பில் அசையும் சிறு முள் ஒன்றே அதனை நமக்கு அறிவிக்கிறது. அம்முள் எப்போதும் உண்மையையே உரைக்குமா? உரைக்காதபோது அதனை அறிவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இக்கட்டுரை.

அடைபட்ட நீர்மத்தின் ஆற்றல்

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளுக்கும் பரவும் என்பதைக் கண்டுரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். அவர் மறைந்த மறு ஆண்டில், 1663இல், இக்கருத்தை விளக்கும் நூல் வெளிவந்தது. அதனைத் தொழிலுக்கு உரியதாக்கிய பெருமை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமாவைச் சாரும். சிறிய உந்துதண்டில் கொடுக்கும் விசையைப் பெரிய உந்துதண்டில் பன்மடங்காகப் பெறும் நீரியல் அழுத்தப்பொறிக்கு அவர் 1795இல் காப்புரிமை பெற்றார்.

அப்பொறி தொடக்கத்தில் ஒரு குறையால் தடுமாறியது. அழுத்தம் மிகும்போது உந்துதண்டின் ஓரமாக நீர் கசிந்தது. கசிவைத் தடுக்க இறுக்கிக் கட்டினால் உந்துதண்டு அசைய மறுத்தது. பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே, கிண்ண வடிவில் வளைந்த தோல் வளையத்தை அங்கே பொருத்தித் தீர்வு கண்டார் என்பர். உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே தோலின் விளிம்பை விரித்துச் சுவரோடு அழுந்தச் செய்தது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகியது. அழுத்தம் நீங்கியதும் உந்துதண்டு தடையின்றித் திரும்பியது. நீரியல் பொறிகளின் வரலாறு, குறைகண்டு அதன் காரணத்தை நாடிய வரலாறாகவே தொடங்கியது எனலாம்.

இன்றைய தொழிற்கூடங்களில் நீருக்கு மாற்றாக எண்ணெய் பயன்படுகிறது. அது துருவைத் தடுக்கும், உராய்வையும் குறைக்கும். அழுத்தத்தைப் ‘பார்’ என்னும் அலகால் அளக்கின்றனர். நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் ஆகும். 20 செ.மீ. உள்விட்டம் உடைய உருளையில் உந்துதண்டின் பரப்பு 314 சதுர செ.மீ.; அதில் 160 பார் அழுத்தம் செயற்பட்டால் ஏறத்தாழ 51 டன் விசை பிறக்கும். அழுத்தம் 200 பார் ஆயின் விசை 64 டன்னாக உயரும். முகப்பில் விரலகல இடைவெளியாகத் தோன்றும் 40 பார் வேறுபாடு, பொறியின் சட்டகத்தின் மீது 13 டன் கூடுதல் சுமையாகிவிடுகிறது.

இவ்விடத்தில் அடிப்படை உண்மை ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். பம்பு தருவது ஓட்டமே அன்றி அழுத்தமன்று. ஓடும் எண்ணெய்க்கு எதிர்ப்பு ஏற்படும்போதே அழுத்தம் தோன்றுகிறது. எண்ணெய் எங்கேனும் எளிதாகத் தப்பிச் செல்ல வழி இருப்பின், பம்பு எவ்வளவு நன்றாக இயங்கினும் அழுத்தம் உயராது. ஆதலின், “அழுத்தம் ஏன் குறைந்தது?” என்னும் வினாவைப் பல வேளைகளில் “எண்ணெய் எவ்வழியே தப்புகிறது?” என மாற்றிக் கேட்க வேண்டும்.

முகப்புக்குப் பின்னால்

தொழிற்கூடங்களில் ‘பிரஷர் கேஜ்’ என வழங்கும் அழுத்தமானிக்கு 1849இல் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் பூர்தோன். அவரது பட்டறையில் சுருள்குழாய் ஒன்று தவறுதலாகத் தட்டையாக நசுங்கிப்போயிற்று. அதனைப் பழைய வடிவுக்குக் கொணர உள்ளே நீரை அழுத்திச் செலுத்தியபோது, குழாய் உருண்டதோடு சுருளும் விரிந்தது. மற்றவர் பழுதென்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்நிகழ்வில் ஓர் அளவுகருவியைக் கண்டார் பூர்தோன்.

இன்றும் அழுத்தமானியின் உள்ளே இருப்பது அக்குழாயே. பிறைபோல் வளைந்த, தட்டையான உலோகக் குழாயின் ஒரு முனை எண்ணெய் வழியோடு இணைந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். அழுத்தம் ஏறும்போது குழாய் சற்றே நிமிர முயலும். மூடிய முனையின் அந்தச் சிறு நகர்வை ஓர் இணைப்புத் தண்டு பற்சக்கரத்துக்குக் கடத்தும். பற்சக்கரம் முள்ளைச் சுழற்றும். மயிரிழைபோன்ற சுருள்வில் ஒன்று பற்களுக்கிடையே உள்ள தளர்வை நீக்கும். அழுத்தம் நீங்கியதும் குழாய் தன் நிலைக்குத் திரும்பும். முள்ளும் சுழிக்கு வரும்.

முள் காட்டுவது அழுத்தத்தை நேரடியாக அன்று. ஒரு குழாயின் வளைவையே அது காட்டுகிறது. அவ்வளைவுக்கும் முள்ளுக்கும் இடையே தண்டு, பற்சக்கரம், சுருள்வில் எனப் பல இடைத்தரகர்கள் உள்ளனர். அவர்களுள் ஒருவர் பிறழ்ந்தாலும் சாட்சி பிறழ்ந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

அழுத்தமானியின் துல்லிய வகுப்பு 1.6 எனில், முழு அளவில் 1.6 விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்பது பொருள். 250 பார் முகப்புள்ள மானியில் இப்பிழை 4 பார். 600 பார் முகப்புள்ள மானியில் 9.6 பார். ஆகவே தேவைக்கு மிகப் பெரிய முகப்பைத் தெரிவு செய்வது துல்லியத்தைக் குறைக்கும். நிலையான அழுத்தமாயின் முழு அளவில் முக்கால் பங்குக்குள்ளும், ஏறியிறங்கும் அழுத்தமாயின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குள்ளும் முள் நிற்குமாறு மானியைத் தெரிவு செய்வது நன்று.

முள் பிழைபடும் விதங்கள்

அழுத்தமானியின் குறைகள் பெரும்பாலும் அவற்றுக்குரிய அடையாளங்களோடு வெளிப்படும்.

பொறியை நிறுத்தி, அழுத்தத்தை நீக்கிய பின்னும் முள் சுழிக்குத் திரும்பாமல் மேலே நிற்பது முதல் அடையாளம். தாங்கும் எல்லையைக் கடந்த அழுத்தத்தால் குழாய் நிலையாக விரிந்துபோனது இதற்குக் காரணமாகலாம். அன்றி, மானிக்குச் செல்லும் நுண்துளை அழுக்கால் அடைபட்டு, உள்ளே சிக்கிய அழுத்தம் வெளியேறாமலும் இருக்கலாம். முன்னது மானியின் குறை. பின்னது உண்மையாகவே எஞ்சியுள்ள அழுத்தம். இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் தீங்காகும்.

முள் ஓயாது நடுங்குவது இரண்டாம் அடையாளம். பம்பின் துடிப்பு, எண்ணெயில் கலந்த காற்று, பொறியின் அதிர்வு ஆகியன இதற்குக் காரணங்கள். நடுக்கத்தைப் பொருட்படுத்தாது விட்டால் பற்சக்கரங்கள் தேயும். துடிப்பைத் தணிக்கும் நுண்துளைத் திருகையும், கிளிசரின் நிரப்பிய மானியையும் இதற்கெனப் பயன்படுத்துகின்றனர்.

முள் அசையாமலே இருப்பது மூன்றாம் அடையாளம். மானிக்கு முன்னுள்ள அடைப்பு வால்வு மூடியிருப்பதே பல வேளைகளில் காரணமாக இருக்கும். சில வகை வால்வுகள் பொத்தானை அழுத்தும்போது மட்டுமே மானியை வழியோடு இணைக்கும். விட்டவுடன் முள் சுழிக்கு வந்துவிடும். அப்போது முள் சுழியைக் காட்டினும் குழாயில் முழு அழுத்தமும் இருக்கும்.

நான்காவது, வெளித்தெரியாத குறை. திடீர் அழுத்த மோதலாலோ கீழே விழுந்ததாலோ முள் தன் தண்டில் பின்னோக்கி நழுவிவிடக்கூடும். அழுத்தம் இல்லாதபோது அது சுழிக்கும் கீழே இறங்க வேண்டும். ஆனால், முகப்பிலுள்ள தடுப்பு ஊசி முள்ளைச் சுழியிலேயே நிறுத்திவைக்கும். பார்ப்பவருக்கு மானி குறையற்றதாகவே தோன்றும். பொறி இயங்கும்போதோ, உள்ள அழுத்தத்தைக் குறைத்தே காட்டும்.

அழுத்தத்தை ஆளும் வால்வுகள்

முள் சாட்சி என்றால், வால்வுகள் காவலர்கள். அவற்றுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, அழுத்த விடுவிப்பு வால்வு. தொழிற்கூடத்தார் இதனை ‘ரிலீஃப் வால்வு’ என்பர். இயல்பாக மூடியிருக்கும் இது, தன்னிடம் வந்துசேரும் அழுத்தம் குறித்த எல்லையைத் தொட்டதும் சுருள்வில்லைத் தள்ளித் திறந்து, மிகுதி எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும். பொறியையும் மனிதரையும் காக்கும் இறுதி அரண் இதுவே.

இரண்டாவது, அழுத்தக் குறைப்பு வால்வு. இஃது இயல்பாகத் திறந்திருக்கும். தன்னைக் கடந்து செல்லும் வழியின் அழுத்தத்தை உணர்ந்து, குறித்த அளவுக்கு மேல் அது உயராதவாறு வழியைச் சுருக்கும். முதன்மை வழியில் 160 பார் இருக்க, மெல்லிய பொருளைப் பற்றும் பிடிக்கு 40 பார் மட்டும் போதுமெனில் இவ்வால்வு வேண்டும். இதன் சுருள்வில் அறையில் கசியும் எண்ணெய் தனிக்குழாய் வழியே தொட்டிக்குச் செல்லும். அக்குழாய் அடைபட்டால் அறையில் அழுத்தம் தேங்கும். பிடியின் அழுத்தம் 40 பாரைக் கடந்து ஏறும். பற்றப்பட்ட பொருள் நசுங்கும். குறை வெளிப்படுவது பிடியில். காரணம் இருப்பதோ தொட்டிக்குச் செல்லும் குழாயில்.

பெரிய விடுவிப்பு வால்வுகளில் சிறு வால்வு ஒன்று பெரிய வால்வை ஆளும். பெரிய வால்வின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தைச் சமன்செய்து, அதனை மூடிய நிலையில் வைத்திருப்பது ஒரு நுண்துளை. ஒரு சிறு துகள் அத்துளையை அடைத்தால் பின்புற அறைக்கு எண்ணெய் செல்லாது. மெல்லிய சுருள்வில்லைத் தவிரத் தடுப்பார் இன்மையால், பெரிய வால்வு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும். பன்னூறு டன் விசை தரும் பொறியை ஒரு மணல்துகள் செயலறச் செய்யும் விதம் இது.

குறைகாணும் ஒழுங்கு

160 பாரில் இயங்கவேண்டிய அழுத்தப்பொறி ஒன்றின் முள் ஒருநாள் 120 பாரில் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். அருகிலிருப்பவருக்கு உடனே தோன்றும் எண்ணம், விடுவிப்பு வால்வின் திருகை இறுக்கி முள்ளை 160க்கு ஏற்றுவது. முள் 160ஐத் தொட்டதும் குறை தீர்ந்ததாகக் கருதி வேலையைத் தொடர்வர். குறை மானியில் இருந்திருப்பின், அவர்கள் செய்தது யாது? 160 பாரில் ஒழுங்காக இருந்த பொறியை 200 பாருக்கு ஏற்றி, காவலரின் கையையும் கட்டிவிட்டனர். அன்று ஒன்றும் நிகழாமல் போகலாம். ஆயினும் சட்டகம், உருளை, குழாய் ஆகியன ஒவ்வோர் அழுத்தின்போதும் அம்மிகையைச் சுமக்கும்.

ஆதலின் முதல் விதி: காரணம் தெரியும்வரை திருகைத் தொடலாகாது. முதலில் வினவ வேண்டும். அழுத்தம் திடீரெனக் குறைந்ததா, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்ததா? சிறிது சிறிதாகக் குறைவது தேய்மானத்தின் இயல்பு. திடீரெனக் குறைவது அடைப்பு, முறிவு போன்றவற்றின் இயல்பு. இறுதியாக என்ன பழுது பார்க்கப்பட்டது? மின்னோடியின் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால் பம்பு எதிர்த்திசையில் சுழலக்கூடும்.

இரண்டாவது, சாட்சியைச் சோதிக்க வேண்டும். நம்பத்தக்க மற்றொரு மானியை அதே இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் குறை பொறியில் உள்ளது. வேறுபட்டால் மானியில் உள்ளது. இதற்கு வேண்டிய நேரம் சில மணித்துளிகளே.

மூன்றாவது, கண்ணையும் செவியையும் பயன்படுத்த வேண்டும். தொட்டியில் எண்ணெய் உரிய அளவு உள்ளதா? எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீரோ காற்றோ கலந்துள்ளது. பம்பு இடைவிடாது வீறிட்டால் உறிஞ்சும் வழியின் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். கூழாங்கற்கள் உருள்வதுபோல் படபடத்தால் காற்று புகுந்திருக்கலாம்.

நான்காவது, வழியை இரண்டாகப் பகுத்துப் பார்க்க வேண்டும். விடுவிப்பு வால்வுக்கு அப்பாலுள்ள வழியை அடைத்து, திருகைத் தளர்த்திய நிலையில் பம்பை இயக்கி, அழுத்தத்தை மெல்ல உயர்த்த வேண்டும். அழுத்தம் உரிய அளவை எட்டினால், பம்பும் விடுவிப்பு வால்வும் குற்றமற்றவை. எண்ணெய் தப்புவது திசை வால்விலோ உருளையின் சீல்களிலோ ஆகும். எட்டாவிடில் குறை இப்பக்கத்தில் உள்ளது. அப்போது விடுவிப்பு வால்விலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயின் வெப்பத்தை வெப்பமானியால் அறிய வேண்டும். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரையும் எண்ணெய் வெப்பமடையும். குழாய் சூடாக இருப்பின், வால்வு மூடவேண்டிய வேளையில் திறந்திருக்கிறது என்பது பொருள். குளிர்ந்திருப்பின் ஐயம் பம்பின்மேல் திரும்பும்.

ஐந்தாவது, காரணத்தின் காரணத்தை நாட வேண்டும். வால்வில் சிக்கிய துகளை நீக்கியதோடு நின்றால், மறு வாரமே மற்றொரு துகள் வந்து சேரும். அது வடிகட்டியின் கிழிசலால் வந்ததா? தொட்டியின் மூடி திறந்து கிடந்ததால் வந்ததா? தேயும் பம்பிலிருந்து உதிர்ந்ததா? இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை பழுது நீங்கியதாகக் கொள்ளலாகாது.

ஒரு விளக்கு அணைந்தபோது

திறந்த வால்வை மூடியதாக நம்புவதால் விளையும் கேட்டினை வரலாறு ஒரு முறை பெரிய அளவில் காட்டியது. அது நிகழ்ந்தது எண்ணெய்ப் பொறியில் அன்று. அணுமின் நிலையத்தின் நீர்ச்சுற்றில். ஆயினும் அங்கும் செயற்பட்டது ஓர் அழுத்த விடுவிப்பு வால்வே.

1979 மார்ச் 28ஆம் நாள் அதிகாலை 4 மணியளவில், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் அழுத்தம் உயர்ந்தது. விடுவிப்பு வால்வு முறைப்படி திறந்தது. அழுத்தம் தணிந்தபின் அது மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. உலையைக் குளிர்விக்கும் நீர் அவ்வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிலோ, வால்வுக்குரிய விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டதெனப் பணியாளர் கருதினர். அவ்விளக்கு வால்வின் நிலையைக் காட்டுமாறு அமைக்கப்படவில்லை. வால்வைத் திறக்கும் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மட்டுமே அது காட்டியது. கட்டளை பிறந்ததை அறிவித்த விளக்கு, கட்டளை நிறைவேறியதா என்பதை அறியாது.

வேறு சாட்சிகளும் இருந்தன. வெளியேற்றுக் குழாயின் வெப்பம் உயர்ந்திருந்தது. ஆனால், அவ்வால்வில் முன்னரே சிறு கசிவு இருந்தமையால் அவ்வெப்பத்தை வழக்கமானதெனக் கொண்டனர். வெளியேறிய நீர் சேரும் தொட்டியின் அளவுமானிகள் கட்டுப்பாட்டுப் பலகையின் பின்புறத்தில் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பின்னரே அவ்வழியிலிருந்த மற்றொரு வால்வு மூடப்பட்டது. அதற்குள் உலையின் மையப்பகுதி பெருஞ்சேதத்துக்கு ஆளாகியிருந்தது. ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று. ஒரு சாட்சியை மட்டும் நம்புவதும், பழகிய குறையை இயல்பென ஏற்பதும் எவ்வளவு பெரிய கேட்டுக்கு வழிவகுக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

சுழி என்னும் பொய்

முள் உரைக்கும் பொய்களுள் கொடியது சுழியே. மின்சாரத்தை நிறுத்தியதும் நீரியல் பொறியின் ஆற்றல் முழுவதும் நீங்கிவிடுவதில்லை. உயர்த்திய சுமை உருளையில் உள்ள எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தச் சேமிப்புக் கலத்தில் அடைபட்ட நைட்ரசன் வாயு, சுருக்கிவைத்த வில்போல் காத்திருக்கும். முள் சுழியைக் காட்டுகிறது என்று இணைப்பைக் கழற்றுபவரின் கைகளுக்கு நேரே அவ்வாற்றல் பாயும்.

ஆகவே பழுது பார்க்கும் முன் சுமையைத் தரையில் இறக்க வேண்டும். இயலாதெனில் உறுதியான தாங்கியால் நிறுத்த வேண்டும். மின்விசையைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். சேமிப்புக் கலத்தின் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். திசை வால்வின் கைப்பிடியை இருபுறமும் அசைத்து எஞ்சிய அழுத்தத்தைப் போக்க வேண்டும். அதன் பின்னரே மானியைப் பார்த்து, இணைப்பை மெல்லத் தளர்த்த வேண்டும்.

ஊசிமுனையளவு துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். தொடக்கத்தில் முள் தைத்தாற்போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் குறைவாக இருக்கலாம். உள்ளேயோ தசை அழுகத் தொடங்கும். காலந்தாழ்த்தினால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எனவே கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. அட்டையைத் தொலைவிலிருந்து நீட்டியே தேட வேண்டும். எண்ணெய் தோலில் பாய்ந்தால், காயம் சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தமிக்க எண்ணெய் உட்புகுந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூற வேண்டும்.

கருவியை ஐயுறுதல் அறிவைப் புறக்கணித்தல் அன்று. அக்கருவி எதனைக் காண்கிறது, எதனைக் காணாது என்று அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை. முள்ளின் சொல்லைக் குழாயின் வெப்பத்தோடும், பம்பின் ஓசையோடும், மற்றொரு மானியின் சொல்லோடும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே தேர்ந்த தொழிலாளர். அவர் ஒப்பிட்டுப் பார்க்கும் சில மணித்துளிகள், உடன் பணிபுரிவோரின் கைகளையும் உயிரையும் காக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. அருகிலுள்ள வாகனப் பழுதுநீக்கு நிலையத்திற்கு ஆசிரியருடன் சென்று, வாகனத்தை உயர்த்தும் மேடை இயங்கும் முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘பம்பு தருவது ஓட்டமே அன்றி அழுத்தமன்று’ – இக்கூற்றை வீட்டிலுள்ள நீர்க்குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பார்த்துக் கிடைக்கும் அனுபவத்துடன் ஒப்பிட்டு விளக்குக.

3. மூன்று மைல் தீவு நிகழ்வில் பணியாளர் கவனிக்கத் தவறிய சாட்சிகள் யாவை? அவற்றை அவர்கள் பொருட்படுத்தாமைக்குக் காரணங்கள் யாவை? வகுப்பில் கலந்துரையாடுக.

4. உங்கள் ஊரில் உள்ள தொழிலாளர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ப் பெயர்களைக் குழுவாக உருவாக்குக.